தெர்த்தியுவின் வாழ்த்து



உரோமையருக்கான திருமுகத்தை எழுதியது யார் என்று கேட்டால், மறைக்கல்விப் பிள்ளைகள்கூடப் பவுல் என்பார்கள். ஆனால் அதன் 16-ஆம் அதிகாரம், 22-ஆம் வசனத்தைப் பாருங்கள். பவுல் சொல்லச் சொல்ல எழுதிய தெர்த்தியு, தம் பெயரைச் சொல்லி அங்கே வாழ்த்துக் கூறுகிறார். எழுத்தர்தானே என்று பவுல் அதை அடிக்கச் சொல்லவில்லை. இறைவார்த்தைக்குள்ளேயே அந்தப் பெயர் நிற்கிறது.

நம் அரசியலமைப்புச் சட்டத்துக்கும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். அதன் வரைவுக்கு வந்த திருத்தங்கள் ஏறத்தாழ 7,635. ஒவ்வொன்றையும் யாரோ எண்ணிட்டு, தட்டச்சு செய்து, உறுப்பினர் கையில் சேர்த்தார்கள். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், தமக்குத் தரப்படும் பெருமை உண்மையில் தமக்கு உரியதல்ல என்றார். அரசியலமைப்பு ஆலோசகர் பி. என். ராவைச் சொன்னார். தலைமை வரைவாளர் எஸ். என். முகர்ஜிக்கே பெரும்பங்கு என்றார். முகர்ஜியின் கீழ் நள்ளிரவு தாண்டியும் உழைத்த பணியாளர்களையும் நினைத்துச் சொன்னார்.

இப்படி மறைவாய் உழைப்பவர்களில் சிலர் உயிரையும் கொடுத்தார்கள். 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றம் தாக்கப்பட்டது. அவையின் காவல் பணியாளர்கள் ஜகதீஷ் பிரசாத் யாதவ், மாத்பர் சிங் நேகி இருவரிடமும் ஆயுதம் இல்லை. சந்தேகப்பட்ட காரின் பின்னால் ஓடினார் யாதவ். கதவை அடைக்க ஓடினார் நேகி. இருவரும் குண்டடிபட்டு மாண்டார்கள். உள்ளே இருந்த உறுப்பினர் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. இருவருக்கும் நாடு அசோக சக்கரம் அளித்தது. அன்று ஒரு தோட்டப் பணியாளரும் உயிரிழந்தார்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் எழும்பும் சத்தம் கேட்டால் மாடிக்கு ஓடுகிற சூளூர்பேட்டைக்காரர்கள் நாம். அந்தச் சில நிமிடங்களுக்காக எத்தனை பேர் கண்விழித்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும். நம் தொகுதியின் குறை வெலகபூடி சட்டப்பேரவையில் ஒலிக்கும்போதும் அப்படித்தான். பேசுகிறவர் முகம் தொலைக்காட்சியில் தெரிகிறது. கேள்வியைத் துறைக்கு அனுப்பிப் பதில் வாங்கி வைத்தவர், பேச்சைச் சொல் தவறாமல் குறித்தவர், இரவில் விளக்கணைத்துப் பூட்டுகிறவர் யாரும் தெரிவதில்லை. மறைவாய்ச் செய்வதைக் காணும் வானகத் தந்தை அவர்களைக் காண்கிறார். நாமும் காணப் பழகுவோம்.

இந்த வாரம் மண்டல அலுவலகத்துக்குப் போனால், மனுவை வாங்குகிறவரின் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். திருப்பலி முடிந்ததும் நம் கோயில்பிள்ளையிடமிருந்தே அதைத் தொடங்குங்கள். ஆமென்.