சிறு கால்களுக்கேற்ற பாதை

கடினமானதே உயர்ந்தது என்னும் எண்ணம் நம்மிடம் ஆழ வேரூன்றியிருக்கிறது. வேளாங்கண்ணிக்கு நடந்தே சென்றவரைப் பேருந்தில் சென்றவரைவிட ஒரு படி மேலாக மதிக்கிறோம். மலையேறித் திரும்பியவர் காலில் கொப்புளம் இல்லையெனில் அவர் ஏறியதையே ஐயுறுகிறோம். அப்படியாயின், குழந்தையும் பாட்டியும் இடர்ப்படாமல் நடந்துவரும்படி அமைக்கப்பட்ட பாதை தரத்தில் தாழ்ந்ததா?

இதற்கு விடை காண, சாரலில் நனையும் வடகரையிலிருந்து இராஜஸ்தானத்துப் பாலைக்கு மனத்தளவில் ஒரு பயணம் செல்வோம். ஜோத்பூரில் மெஹ்ரான்கர் கோட்டையின் அருகே, ஏறத்தாழ 70 ஹெக்டேர் பரப்பில் ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா அமைந்துள்ளது. அங்குள்ள நடைபாதைகளிற் சில ஒரு கிலோமீட்டர் அளவினவே; பள்ளிப் பிள்ளைகளும் களைப்பின்றி நடந்து முடிப்பர். எரிமலையில் பிறந்த பாறைகளும், வெயிலுக்கு அஞ்சாத கள்ளிகளும், முற்காலத்தில் நீர் கொண்டுவரப் பாறையை வெட்டி அமைத்த வாய்க்காலும் வழியில் காணக் கிடைக்கின்றன.

இவ்வளவு எளிய நடை எப்படி வாய்த்தது? 2006-இல் பணி தொடங்கியபோது அந்நிலமெங்கும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. மன்னர் உமைத் சிங் காலத்தில், 1930-களில், அதன் விதைகள் விமானத்திலிருந்து தூவப்பட்டன என்பர். மக்கள் அதற்கு இட்ட பெயர் 'பாவ்லியா', அதாவது பைத்தியம் பிடித்தது. நம் தென்மாவட்டக் குளங்களில் அதன் பிடிவாதத்தைக் கண்டவர்கள் அப்பெயரை மறுக்கமாட்டார்கள். மேலே வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். வேரோ பாறைப் பிளவுக்குள் ஒளிந்திருக்கும். பணியை வழிநடத்திய இயற்கையியலாளர் பிரதீப் கிரிஷண், பரம்பரையாகக் கல் வெட்டும் கந்த்வாலியா மக்களின் உதவியை நாடினார். அவர்கள் சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கேட்டே பாறையின் உட்பிளவை அறிந்து, உளியால் தோண்டி, மரத்தை வேரோடு களைந்தனர். அக்குழிகளில் பாலைக்கே உரிய செடிகள் நடப்பட்டன. 2011-இல் பூங்கா மக்களுக்குத் திறக்கப்பட்டது.

ஆக, ஒரு சிறுமி அரைமணி நேரத்தில் சிரித்துக்கொண்டே கடக்கும் தூரம், பலர் வெயிலில் உளியோடு அங்குலம் அங்குலமாகக் கடந்த தூரமாகும். நடப்பவருக்குக் குறைந்த கடுமையை வேறு யாரோ முன்னரே சுமந்துவிட்டனர். அத்தகைய எளிமையை இழிவாக எண்ணுவது நன்றியின்மை அன்றோ?

அதற்காக, எளிதாக்குவதெல்லாம் நன்று என்று சொல்லிவிடவும் முடியாது. குற்றாலம் நம் கண்முன் இருக்கிறது. வாகனத்திலிருந்து இறங்கிச் சற்றே நடந்தால் அருவியின் கீழ் நிற்கிறோம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனின் உயிரைக் கொண்டுசென்றது. குளிக்க வந்தோரைக் குறைகூற நமக்கு மனமில்லை. மேலே மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரிவதில்லை. மலையை அறிமுகப்படுத்தாமலேயே நம்மை அதன் மடியில் கொண்டுவந்து விடுகிறது சாலை. பாலைப் பூங்காவின் பாதை அவ்வாறில்லை. அது காலுக்கு இரங்குகிறது. ஆனால் கல்லையும் முள்ளையும் கண்ணிலிருந்து மறைப்பதில்லை. நாம் வேண்டுவது இத்தகைய எளிமையையே.

தொடக்க நூலின் 33-ஆம் அதிகாரத்தில், உடன் வரும்படி அழைக்கும் ஏசாவிடம் யாக்கோபு மறுமொழி கூறுகிறார்: பிள்ளைகள் இளையோர், பாலூட்டும் ஆடுமாடுகள் உடன் வருகின்றன, ஒருநாள் விரைந்து ஓட்டினாலும் மந்தை மடிந்துவிடும், ஆகவே அவர்கள் நடைக்கேற்ப மெல்ல வருகிறேன் என்கிறார். அண்ணன்மீது அவருக்கிருந்த அச்சமும் இதிற் கலந்திருக்கலாம். ஆயினும் சொன்ன காரணம் மெய்யானதே. ஒரு கூட்டத்தின் வேகத்தை அதன் மிக மெலிந்தவர் தீர்மானிக்கலாம் என்பதை அவர் வெட்கமின்றிச் சொல்கிறார்.

நம் குடும்பப் பயணங்களில் நிகழ்வது வேறு. வலிமையுள்ளோர் முன்னே ஏறிச் செல்கின்றனர். பாட்டி வேனிலேயே அமர்ந்து பைகளையும் செருப்புகளையும் காத்திருக்கிறார். "நீங்கள் போய்வாருங்கள்" என்று அவரே சொல்வதால் நம் மனம் அமைதியுறுகிறது. வடகரையை அடுத்த மேக்கரையில் உள்ள அடவிநயினார் அணையின் உயரம் 132 அடி என்பது நம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அங்கே பாட்டி எத்தனை அடி நடக்கக்கூடும் என்பதை நாம் இன்னும் கேட்டறியவில்லை.