எல்லா இதயங்களின் நாள்



பெப்ரவரி 14ஆம் திகதியை உலகின் பல பாகங்களிலும் "வலன்ரைன் தினம்" என்று அழைக்கிறார்கள். ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள சுவீடன் தேசத்து மக்களோ அந்தப் புனிதரின் பெயரை விட்டுவிட்டு, தம் மொழியிலே "அல்லா யார்த்தன்ஸ் டாக்" என்று அந்நாளுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். "எல்லா இதயங்களின் நாள்" என்பது அதன் பொருள். "எல்லாப் புனிதர்களின் நாள்" என்று நாம் சொல்லும் பெருநாளுக்கு அவர்களுடைய மொழியிலுள்ள பெயரும் ஏறத்தாழ இதே ஓசையுடையது. ஓர் இதயமும் விடுபடாத நாளொன்று இவ்வுலகில் உண்டா என்று கேட்பவர் மனம் குளிரும் பெயர்! ஆயினும், பெயர் சொல்வதை அந்த நாள் செய்கிறதா? இதையே இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

பெப்ரவரி நடுப்பகுதி அங்கே கடுங்குளிர்காலம். தலைநகராகிய ஸ்ரொக்கோமிலே மாலை ஐந்து மணியளவில் சூரியன் மறைந்துவிடும். நாட்டின் வடபுறமெங்கும் பனி மூடிக் கிடக்கும். அன்றைய தினம் அரச விடுமுறையுமல்ல. வேலை முடிந்து வீடு திரும்புவோர் வழியில் பூக்கடையில் நின்று, சிவப்பு றோசா மலர்களை வாங்கிக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு போவார்கள். இதய வடிவில் செய்த சிவப்பு ஜெலி இனிப்புகள் கடைகளிலே நிறைந்திருக்கும். கணவன் மனைவியருக்கும், காதலிப்போருக்கும் அன்றிரவு விருந்து.

இது அவர்களுடைய முன்னோர் வழிவந்த வழக்கமென்று எண்ணிவிட வேண்டாம். 1960ஆம் ஆண்டுகளிலே, அமெரிக்க நாகரிகத்தின் செல்வாக்கினால், பூ வியாபாரிகளின் முயற்சியோடு அங்கே பரவியதுதான் இக்கொண்டாட்டம். இன்று பூ விற்பனையிலே அன்னையர் தினத்திற்கு அடுத்த இடம் இதற்கே என்பர். பனியிலே றோசா பூக்குமா? கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் ஏழைத் தொழிலாளர் வளர்த்துப் பறித்த மலர்கள் விமானமேறி ஐரோப்பிய நாடுகளுக்கு வந்து சேருகின்றன. அந்தத் தொழிலாளரின் இதயங்களும் "எல்லா இதயங்கள்" என்பதற்குள் அடங்குமோ என்று கேட்கத் தோன்றுகிறது.

வியாபாரி தொடங்கி வைத்தான் என்பதற்காக, பூ வாங்குகிறவனின் அன்பு பொய்யாகிவிடாது. எமது நத்தாரும் உயிர்ப்புப் பெருவிழாவும் புடவைக் கடைகளுக்குத் தெரியாமலா வந்து போகின்றன? ஆகவே சுவீடன் மக்களைப் பார்த்து நகைக்கும் உரிமை எமக்கில்லை.

இன்னொரு விநோதத்தையும் சொல்ல வேண்டும். 1527ஆம் ஆண்டுக்குப் பின் சுவீடன் உரோமைத் திருச்சபையின் ஒன்றிப்பிலிருந்து படிப்படியாக விலகி, லுத்தரன் நாடாகியது. அப்படியிருந்தும் அவர்களுடைய நாட்காட்டியிலே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர் குறிக்கும் பழைய வழக்கம் நிலைத்துவிட்டது. பெப்ரவரி 14இல் "வலன்ரின்" என்ற பெயர் இன்றும் அங்கே இருக்கிறது. எமது திருவழிபாட்டு நாட்காட்டியிலோ, அவரைப்பற்றி உறுதியாய் அறியக்கூடியது மிகச் சொற்பம் என்ற காரணத்தால் 1969ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் அவருடைய நினைவு நீக்கப்பட்டது. உரோமை நகரின் பிளமீனியப் பெருவீதியோரம் அடக்கம் செய்யப்பட்ட இரத்தசாட்சி என்பதே நிச்சயமான செய்தி. போர்வீரருக்குக் களவாகத் திருமணம் செய்துவைத்தார் என்பதெல்லாம் பிற்காலக் கதை. நாம் அந்நாளிலே ஸ்லாவிய மக்களுக்கு நற்செய்தி கொணர்ந்த சகோதரர்களான புனிதர் சிரிலையும் மெதோடியஸையும் நினைவுகூருகிறோம்.

2018ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் இதே பெப்ரவரி 14ஆம் திகதி திருநீற்றுப் புதனாக வந்தது சிலருக்கு நினைவிருக்கும். அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை சுவீடன் மக்கள் "செம்லா" என்றொரு பணிஸ் உண்பார்கள். உள்ளே வாதுமை விழுது, மேலே அடித்த பாலாடை. தபசுகாலத்துக்கு முன் கொழுப்பையெல்லாம் தின்று தீர்த்த காலத்தின் மிச்சம் அது. நோன்பு போய்விட்டது, பணிஸ் மட்டும் நிலைத்துவிட்டது!

நிற்க. எல்லா இதயங்களின் நாளிலே யாருடைய இதயம் விடுபடுகிறது? ஐரோப்பாவிலே தனியொருவராய் வாழ்வோரின் வீடுகள் மிகுந்த நாடுகளுள் சுவீடனும் ஒன்று. பிள்ளைகள் இருபது வயதளவில் வீட்டைவிட்டுத் தனியே போய்விடுகிறார்கள். முதியோர் பலர் தனியே இருக்கிறார்கள். அவர்களை அரசு கைவிடவில்லை. உணவும் மருந்தும் பணிவிடையும் வீடு தேடி வருகின்றன. அதை நாம் மெச்ச வேண்டும். ஆனால் றோசா மலர் வருவதில்லை. மலர் கொடுப்பவன் மலரையோ, முத்தத்தையோ, புன்சிரிப்பையோ திரும்பப் பெறுகிறான். கொடுத்து வாங்க ஒருவருமில்லாதவருக்கு அந்நாளில் இடம் ஏது? விருந்து வைத்தால் திரும்ப அழைக்கும் நண்பரையும் செல்வரையும் அல்ல, கைம்மாறு செய்ய இயலாதவரையே அழை என்று ஆண்டவர் பரிசேயன் வீட்டுப் பந்தியிலே சொன்னதை லூக்காஸ் நற்செய்தி பதினான்காம் அதிகாரத்திலே வாசிக்கிறோம். அயல்நாடான பின்லாந்து மக்கள் இதே நாளை "நண்பர் நாள்" என்று கொண்டாடுகிறார்கள். வாசலை இன்னும் சற்று அகலத் திறந்த பெயர் என்று எனக்குப் படுகிறது.

சுவீடன் மக்களின் பழைய காதல் திருநாள் வேறொன்று. அது யூன் மாதத்திலே வருவது. புனித ஸ்நாபக அருளப்பரின் பிறப்பு விழாவோடு ஒட்டிய நடுக்கோடைப் பெருநாள் அது. முன்பு யூன் 24இலேயே கொண்டாடினார்கள். 1953ஆம் ஆண்டு தொடக்கம் அதையொட்டிய சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். முந்தின நாளான வெள்ளிக்கிழமையே கொண்டாட்டம் பெரிது. இலையும் பூவும் சுற்றிய உயர்ந்த கம்பத்தை நாட்டி, சிறியோரும் கிழவரும் கைகோத்து அதைச் சுற்றி ஆடுவார்கள். புது உருளைக்கிழங்கும் ஊறவைத்த மீனும் உண்பார்கள். அன்றிரவு நாட்டின் தென்பகுதியிலே சூரியன் சொற்ப நேரமே மறையும், வடகோடியில் மறைவதேயில்லை.

அந்த இரவிலே மணமாகாத பெண்கள் ஏழு வகைப் பூக்களைத் தாமே பறித்துத் தலையணையின் கீழ் வைத்து உறங்குவார்கள். மணக்கப் போகிறவனைக் கனவிலே காண்பார்களாம். சில ஊர்களில் ஏழு வேலிகளைத் தாண்ட வேண்டும் என்பதும் உண்டு. பறிக்கும்போது ஒரு சொல்லும் பேசக்கூடாது. கண்ட கனவை ஒருவருக்கும் சொல்லவும் கூடாது. இது மூடநம்பிக்கைதானே என்று நீங்கள் சொல்வீர்கள். ஆம், கனவு கண்டு கணவனைத் தெரிய வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆயினும் அந்த மௌனத்தை மட்டும் எனக்குத் தள்ளிவிட மனமில்லை. காசு கொடாமல், பேச்சை அடக்கி, வயல் வரம்பிலே குனிந்து பூத் தேடும் அந்தப் பெண், காதல் என்பது கேட்டவுடன் கிடைக்கும் பண்டமல்ல, காத்திருந்து பெறும் கொடை என்பதைத் தன்னையறியாமலே ஒப்புக்கொள்கிறாள் அல்லவா?

அப்படித் தேடிய துணை கிடைத்து, பிள்ளைகளைப் பெற்று வளர்த்தபின் அவரும் மண்ணுக்குப் போய்விட்டால்? சுவீடன் பெற்றெடுத்த மாபெரும் புனிதையான பிரிஜித்தம்மாளின் வாழ்க்கை இக்கேள்விக்குள்ளேதான் நடந்தது. அவர் கன்னியராகவல்ல, குடும்பப் பெண்ணாக வாழ்ந்தவர். உல்ப் என்ற பிரபுவை மணந்து எட்டுப் பிள்ளைகளைப் பெற்றவர். கணவனும் மனைவியுமாக ஸ்பானியாவிலுள்ள புனித யாகப்பரின் திருத்தலத்துக்கு நெடும்பயணம் போய்வந்தார்கள். 1344ஆம் ஆண்டில் உல்ப் மரித்தார். கணவர் தந்த மோதிரத்தைச் சில நாட்களிலேயே பிரிஜித்தம்மாள் விரலிலிருந்து கழற்றிவிட்டார் என்றும், அதைக் கண்டு ஊரார் குறைசொன்னார்கள் என்றும் அவருடைய வரலாறு கூறுகிறது. அன்பு வற்றியா கழற்றினார்? அந்த மோதிரம் அவரைப் பழைய இன்பங்களின் நினைவுக்கே இழுத்தது. இனித் தம் அன்பை ஒருவருக்குள் அடக்காமல் இறைவனுக்கும் எல்லோருக்கும் கொடுக்க அவர் துணிந்துவிட்டார். பின்னர் உரோமைக்குச் சென்று, ஏழைகளுக்கும் யாத்திரிகருக்கும் உதவி, 1373இல் அங்கேயே மரித்தார். 1999ஆம் ஆண்டு பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை ஐரோப்பாவின் பாதுகாவலியருள் ஒருவராக அறிவித்தார். எல்லா இதயங்களுக்கும் நாள் வேண்டுமென்றால், யூலை 23ஆம் திகதி வரும் அவருடைய திருநாளையே அதற்குத் தெரிந்திருக்கலாம்!

இனி நவம்பர் மாதத்துக்கு வருவோம். எல்லாப் புனிதர்களின் நாளை சுவீடன் மக்கள் ஒக்ரோபர் 31இற்கும் நவம்பர் 6இற்கும் இடையில் வரும் சனிக்கிழமையில் ஆசரிக்கிறார்கள். மரித்தோருக்காக மன்றாடும் வழக்கத்தை அவர்களுடைய சபை நானூறு ஆண்டுகளுக்கு முன்பே விட்டுவிட்டது. கோயிலுக்குப் போவோரும் இன்று மிகக் குறைவு. ஆனால் கடந்த நூற்றாண்டிலே, ஒருவரும் கட்டளையிடாமல், கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும் வழக்கம் நாடெங்கும் பரவிவிட்டது. எமது சேமக்காலைகளிலே நவம்பர் 2ஆம் திகதி நாம் செய்வதுபோலவே அவர்களும் செய்கிறார்கள். பெப்ரவரியிலே எவரும் மலர் கொடாத அந்தக் கிழவியும், தடியூன்றும் கிழவரும் அன்று தவறாமல் வருவார்கள். நாற்பது ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவரின் பெயர் வெட்டிய கல்லின்முன் குனிந்து, நடுங்கும் கையால் திரியைப் பற்றவைப்பார்கள். படுத்திருப்பவர் எழுந்து நன்றி சொல்லப் போவதில்லை.

ஸ்ரொக்கோமின் தெற்கே பைன் மரக்காட்டுக்குள் ஒரு சேமக்காலை உண்டு. 1994ஆம் ஆண்டிலே உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. இலட்சத்துக்கும் அதிகமானோர் அங்கே துயில்கிறார்கள். அந்தச் சனிக்கிழமை இருட்டியதும், மரங்களுக்கிடையே கண்ணுக்கெட்டிய தூரம்வரை சிறு சிறு சுடர்கள் நிறைந்துவிடும். காற்றிலும் பனியிலும் அணையாதபடி மூடிய கிண்ணங்களில் வைத்த திரிகள் அவை. ஏற்றியவர்கள் வீடு திரும்பியபின்னும், மறுநாள் ஞாயிறு விடியும்போதும் அவை எரிந்துகொண்டிருக்கும்.