வாசலில் இரண்டு அப்பாக்கள்

டோர்ட்முண்டில் டிசம்பர் மாதம் காலை எட்டரை மணிக்குத்தான் சூரியன் எழுகிறது. மாலை நாலரைக்குள் மறைந்துவிடுகிறது. என் கணவர் இருட்டில் வேலைக்குக் கிளம்புவார், இருட்டில் திரும்புவார். இடையில் கிடைக்கும் கொஞ்ச வெளிச்சம் முழுதும் எனக்குத்தான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் சன்னலோரம் உட்கார்ந்திருப்பேன்.

ஒரே விமானத்தில்தான் வந்திறங்கினோம். ஆனாலும் இந்த ஊருக்கு இவர் முன்னால் வந்துவிட்டார், நான் வெகுநாள் கழித்து வந்தேன் என்றே இப்போது தோன்றுகிறது. வேலைக்கு வருகிறவருக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர் காத்திருக்கிறார்கள். கூட வருகிறவருக்கு வீடு மட்டும்.

அந்த வீடும் வெறும் சுவராகத்தான் கிடைத்தது. ஜெர்மனியில் வாடகை வீடு பலவற்றில் அடுப்படி என்று ஒன்று இருக்காது. முன்பு இருந்தவர்கள் அடுப்பு, அலமாரி, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். விளக்கு இருந்த இடத்தில் கூரையிலிருந்து கம்பிகள் தொங்கும். குளியலறைக் குழாயில் அரிசி களைந்தேன். தரையில் ஒற்றை மின்னடுப்பு. சோறு வடித்து இறக்கிய பிறகுதான் குழம்புக்கு இடம். குழம்பு கொதிக்கும்வரை இருவரும் சுவரில் சாய்ந்து பேசிக்கொண்டிருப்போம். பிறகு நல்ல அடுப்படி வந்தது. அந்தப் பேச்சு குறைந்துபோனது. இல்லாமை இருவருக்கும் சமமாக இருந்த நாட்கள் அவை.

*

குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். அங்கே என்னைக் கூப்பிட்டது அப்பாவின் பெயரால். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் நம்மில் பலர் அப்பா பெயரைத்தானே எழுதுகிறோம். ஊரில் ஒற்றை எழுத்தாக, இனிஷியலாக என் பெயருக்கு முன்னால் நின்றவர், அந்த அறையில் முழுப்பெயராக ஒலித்தார். சட்டென்று எழுந்திருக்க முடியவில்லை.

இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். ஆகவே தபால் பெட்டியிலும் அழைப்புமணியிலும் இரண்டு பெயர் எழுதினோம். இவருடைய அப்பா, என்னுடைய அப்பா. சம்பந்திகளாகச் சில விசேஷங்களில் மட்டும் சந்தித்துக்கொண்ட இருவர், கடல் கடந்து ஒரே வாசலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். காய்கறிப் பையோடு உள்ளே நுழையும்போதெல்லாம் அந்தப் பெயர்களைப் பார்க்கிறேன். இந்த நாடு எனக்கு முதலில் தந்த மரியாதை அதுதான்.

*

ஞாயிறு என்றால் நமக்குக் கறிக்கடை வரிசை, விருந்தாளி, சத்தம். இங்கே கடைகள் அடைப்பு. சுவரில் துளை போடக்கூடாது. 1919-ல் எழுதிய வைமார் அரசியல் சட்டத்தின் 139-வது பிரிவு ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுக்கும் மன உயர்வுக்கும் உரிய நாளாகக் காக்கிறது. இன்றைய சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. தொடக்கத்தில் அந்த அமைதி என்னைப் பயமுறுத்தியது. இப்போது அந்த நாளுக்காகக் காத்திருக்கிறேன். வாரத்தில் ஏழாவது நாள் மட்டும்தான் இருவருடைய பொழுதும் ஒரே வேகத்தில் நகர்கிறது. தாளித்து முடித்ததும் குளிரைப் பார்க்காமல் சன்னல்களை அகலத் திறந்துவிடுகிறோம். இல்லையென்றால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். கடுகு வாசனையும் வெளிக்காற்றும் மாறிக்கொள்ளும் அந்தச் சில நிமிடங்கள் எனக்குப் பிடிக்கும்.

*

அரசு ஏற்பாடு செய்யும் ஒருங்கிணைப்பு வகுப்பில் பொதுவாக மொழிக்கு 600 பாடவேளை, சட்டம், வரலாறு, வாழ்க்கைமுறைக்கு 100 பாடவேளை. அதில் சேர்ந்தேன். என் பக்கத்தில் சிரியாவிலிருந்து வந்த ஒரு பாட்டி. சொற்கள் வராத இடத்தில் கையைப் பிடித்துக்கொள்வார்.

இவருடைய அலுவலகத்தில் ஆங்கிலமே போதும். அதனால் வீட்டுக்கு வரும் கடிதங்களைப் படிப்பவள் நானாகிவிட்டேன். மின்கட்டணக் கணக்கோ மருத்துவக் காப்பீடோ, உறையைப் பிரித்து என்னிடம் நீட்டி, "என்னம்மா சொல்றாங்க?" என்று கேட்பார். மருத்துவரிடம் போனால் என் முகத்தைப் பார்ப்பார். முன்னால் வந்தவர் இப்போது பின்னால் நிற்கிறார். அதில் எனக்கு வெற்றி எதுவும் தெரியவில்லை. நான் உட்கார்ந்திருந்த சன்னலோரத்தில் இப்போது இவர் உட்கார்ந்திருக்கிறார் என்ற வருத்தம்தான்.

தமிழ்க்கடை அக்கா 1983 இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். முருங்கைக்காயை எடைபோட்டபடி ஒருநாள் சொன்னார்: "ரெண்டு பேருமாப் பாசையைப் பிடியுங்கோ பிள்ளை. ஒராளுக்கு மட்டும் தெரிஞ்சா மற்றாள் வீட்டுக்குள்ள விருந்தாளி மாதிரி." அவரைப் போன்றவர்கள் வந்த நாளில் நகரத்தில் கறிவேப்பிலைகூட இருந்திருக்காது. பக்கத்து ஹம் நகரத்தில் இன்று கோபுரத்தோடு நிற்கும் காமாட்சி அம்பாள் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்ததே 2002-ல்தான். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர் சொன்னால் கேட்கத்தான் வேண்டும்.

புதிதாக வரும் தம்பதிகளுக்கு நானும் அதையே சொல்கிறேன். வேலைக்குப் போகிறவருக்கு நேரம் இல்லையென்று விட்டுவிடாதீர்கள். இங்கே பல ஊர்களில் மக்கள் கல்விக்கூடங்கள் மாலை வகுப்பும் நடத்துகின்றன. இருவரும் சேருங்கள்.