கட்டிலைச் சுமந்த நால்வர்



கப்பர்நாகூமிலே திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து வந்தார்கள். வாசலில் சனக்கூட்டம் நெருக்கவே, கூரையைப் பிரித்து அவனை ஆண்டவர் முன்னே இறக்கினார்கள். குணமாக்கிய ஆண்டவர் கூலி எதுவும் கேட்கவில்லை. ஆயினும் அவன் அங்கு வந்துசேர நால்வரின் தோள் வேண்டியிருந்தது.

1990களில் வடமத்திய மாகாணத்திலே இனங்காணப்பட்ட, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய், எமது மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவப் பகுதியையும் விட்டுவைக்கவில்லை. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை, ஏறக்குறைய நான்கு மணித்தியாலம், இயந்திரத்தினால் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். தவறினால் கழிவும் நீரும் உடலில் தேங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

அரசாங்க வைத்தியசாலையில் இச்சிகிச்சைக்குக் கட்டணமில்லை. வறிய சிறுநீரக நோயாளரின் மாதாந்தக் கொடுப்பனவும் 2025இல் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இதற்காக நன்றி சொல்வோம். ஆனால் மாதத்தில் பன்னிரண்டு தடவை போய்வரும் செலவையும், துணைக்குச் செல்பவர் இழக்கும் நாட்கூலியையும் சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள்.

நோயாளருக்குச் சமீபமாகச் சிகிச்சை வசதி வேண்டுமென்று கேட்பது நீதியான காரியமே. கேட்போம். அதுவரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. உங்கள் அயலில் இத்தகைய நோயாளர் இருந்தால், மதமும் மொழியும் பாராமல் போய்ப் பாருங்கள். கொடுப்பனவு கிடைக்காவிடில் பிரதேச செயலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். வாகனமுள்ளவர் வாரத்தில் ஒரு பயணத்தைப் பொறுப்பேற்கட்டும். ஓய்விலிருப்பவர் துணைக்குப் போகட்டும்.

சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தையும் ஆண்டவர் கண்டார். இன்று ஒரு கட்டில் தோளுக்காகக் காத்திருக்கிறது.