‘இல்லை’க்கும் ‘பார்க்கலை’க்கும் நடுவே

2019 ஜூலையில் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் வரிசையில் நின்றவர்களுக்கு அந்த வெயில் மறந்திருக்காது. எனக்கு முன்னால் ஒரு பாட்டி. “எழுபத்தொன்பதுல வந்தப்ப இவன் என் இடுப்புல இருந்தான்” என்று பக்கத்தில் நின்ற மகனைக் காட்டினார். மகனுக்கு முன்வழுக்கை. அவர் கையைப் பிடித்தபடி ஏழெட்டு வயசுப் பேரன். “அடுத்த தடவை நான் இருக்க மாட்டேன் தம்பி. நீயும் சந்தேகம்தான்!”

அத்திவரதர் அனந்தசரஸ் குளத்து நீருக்கடியில் 40 வருஷம் இருந்துவிட்டு 48 நாள் மட்டும் வெளியே வருகிறவர். 1979, 2019, இனி 2059. நடுவில் ஏதோ ஒரு வருஷம் குளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, ‘உள்ளே ஒன்றுமில்லை’ என்று ஒருத்தன் சொன்னால் சிரிப்போம். ஆனால் அந்தத் தப்பை நாம் செய்யாமல் இருக்கிறோமா?

துகள் இயற்பியல்காரர்களை இந்தக் கேள்வி ரொம்பவே படுத்துகிறது. ஜெனீவா அருகே பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் வளையம், எல்.ஹெச்.சி. ஓடும்போது விநாடிக்குச் சுமார் 4 கோடி தடவை புரோட்டான் கற்றைகள் எதிரெதிரே வந்து கடக்கும். அத்தனையையும் பதிவு செய்ய எந்தக் கம்ப்யூட்டருக்கும் வயிறு போதாது. எனவே ஒரு வடிகட்டி. உருப்படியானது என்று அதற்குத் தோன்றுகிற சில ஆயிரத்தை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடும். எறிந்தது எறிந்ததுதான்.

2012-ல் கிடைத்த ஹிக்ஸ், பிறந்த இடத்திலேயே சிதறிவிடுகிற ஜாதி. வடிகட்டிகள் பெரும்பாலும் அந்த மாதிரிகளை மனசில் வைத்துச் செய்தவை. கொஞ்சம் நிதானமான துகள் ஒன்று இருந்து, சத்தம் போடாமல் ஒரு முழமோ நூறு மீட்டரோ தள்ளிப் போய் உடைந்தால்? அதைத்தான் நீண்ட ஆயுள் துகள் என்கிறார்கள். இந்த உலகத்தில் விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு உயிரோடு இருந்தாலே தீர்க்காயுசு. அதற்குள் ஒளி ஒரு அடி போய்விடும்.

இப்போது இவற்றுக்கென்றே தனி வடிகட்டிகள் வைத்திருக்கிறார்கள். மோதும் இடத்திலிருந்து 480 மீட்டர் தள்ளி ‘ஃபேசர்’ என்ற சின்னக் கருவி 2022-ல் வேலையை ஆரம்பித்தது. நியூட்ரினோ சிக்கியது. புதுத் துகள் இதுவரை சிக்கவில்லை.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. காஞ்சியிலிருந்து பெங்களூர் ரோட்டில் போய், கர்நாடக எல்லை தாண்டித் திரும்பினால் கோலார் தங்கவயல். தலைமுறைகளாகத் தமிழ்த் தொழிலாளிகள் இறங்கிய சுரங்கம். அங்கே 2 கிலோமீட்டருக்கும் கீழே, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜப்பான், பிரிட்டன் கூட்டாளிகளோடு 1965-ல் வளிமண்டல நியூட்ரினோவைப் பிடித்தார்கள். பிற்பாடு விசித்திரமாகச் சில தடங்கள் விழுந்தன. கோடுகளைப் பின்னோக்கி நீட்டினால் பாறைக்குள் போய்ச் சேரவேண்டும். இவையோ பாறைக்கும் கருவிக்கும் நடுவே, வெறும் காற்றில் சந்தித்தன. பாறையில் பிறந்த ஏதோ ஒன்று, வெளியே வந்து உடைந்திருக்கிறதா?

எம்.ஜி.கே. மேனன், வி.எஸ். நரசிம்மம் அடங்கிய குழு 1975-ல், புதுத் துகளுக்கு அடையாளம் என்று இதை வெளியிட்டது. விரல்விட்டு எண்ணக்கூடிய தடங்கள்தான். வெளிநாட்டு முடுக்கிகளில் தேடினார்கள், கிடைக்கவில்லை. 2010-களில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்து ஜி. ராஜசேகரனும் எம்.வி.என். மூர்த்தியும், அது கரும்பொருளாக இருக்குமோ என்று மறுபடி கிளறினார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை.

ஒத்துவராத கோட்டைக் குப்பையில் போடுவது சுலபம். பெயருக்கும் பத்திரம். நாமும் தினம் அதைத்தான் செய்கிறோம். பெண் பார்க்கப் போய் பஜ்ஜி ஆறுவதற்குள் தீர்மானிக்கிறோம். இன்டர்வியூவில் முதல் ஐந்து நிமிஷம். ஆறாம் கிளாஸ் மார்க்கை வைத்துப் பையனை ‘மக்கு’ என்கிறோம். மோதின இடத்திலேயே பளிச்சென்று வெடிக்கிறவன்தான் கெட்டிக்காரன். நிதானமாக நடந்து நாற்பது வயசில் ஒளிர்கிறவன் நம் வடிகட்டியில் விழுவதே இல்லை.

‘அப்படியானால் எதையுமே இல்லை என்று சொல்லக்கூடாதா? பேய் பிசாசுக்கும் கதவைத் திறந்து வைப்பதா?’ என்று கேட்பீர்கள். நியாயம். வடிகட்டாமல் யாராலும் வாழமுடியாது. ஆனால் விஞ்ஞானிகள் சும்மா ‘இல்லை’ என்று எழுதுவதில்லை. ‘இத்தனை கனம், இத்தனை ஆயுள் வரைக்கும் தேடினோம், காணோம்’ என்று எழுதுகிறார்கள். எங்கே பார்க்கவில்லை என்பதும் அதிலேயே அடக்கம். ஒரு மனுஷனைப் பற்றித் தீர்ப்பு எழுதும்போது அந்த இரண்டாவது வரியை நாம் எழுதுவதில்லை. குற்றம் அங்கேதான்.

கோலாரில் ஆராய்ச்சி 1990-களில் நின்றது. 2001-ல் சுரங்கத்தையே மூடினார்கள். ஆழத்தில் இப்போது தண்ணீர். அத்திவரதருக்காவது வருஷம் தெரியும்.

வரிசை நகர்ந்தபோது பாட்டியிடம், “இந்தக் கூட்டத்துல சின்னப் பையனை எதுக்கு இழுத்துட்டு வந்தீங்க?” என்று கேட்டேன்.

“அடுத்த தடவைக்கு வழி தெரிஞ்சவன் ஒருத்தன் வேணாமா?” என்றார்.