நரகம் என்ற எச்சரிக்கை யாருக்கு?



நரகத்தைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். பெரும்பாலும் மற்றவர்களை மனதில் வைத்தே பேசுகிறோம். ஆண்டவர் அந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்தினார் என்று இன்று தியானிப்போம்.

வேதத்தில் பாதாளம் வேறு, நரகம் வேறு. எபிரெயர் ஷியோல் என்று சொன்ன பாதாளம், மரித்தோர் எல்லாரும் இறங்கும் இடம். யோசேப்பு மாண்டுபோனான் என்று நம்பிய யாக்கோபு, தானும் அங்கேயே இறங்குவதாகச் சொல்லி அழுதார். சுவிசேஷங்களில் நரகம் என்று நாம் வாசிப்பதோ கெஹென்னா. அது எருசலேமின் தெற்குப் புறத்தில் உள்ள இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர். இன்றும் அங்கே போய்ப் பார்க்கலாம்.

அந்தப் பள்ளத்தாக்கின் பெயர் ஏன் நரகத்துக்கு வந்தது? ஆகாஸ் ராஜா தன் பிள்ளைகளை அங்கே தீயில் பலியிட்டான். மனாசே ராஜாவும் அதையே செய்தான். பெற்றவர்கள் பக்தியின் பெயரால் பெற்ற பிள்ளைகளை எரித்தார்கள். அக்கொடுமை இனி நடவாதபடி யோசியா ராஜா அந்தப் பலிமேடையைத் தீட்டுப்படுத்தினான். இப்படிப்பட்ட காரியம் தம் மனதிலும் தோன்றியதில்லை என்று கர்த்தர் எரேமியாவின் வாயால் அறிவித்தார். அந்த நெருப்பை மூட்டியவை மனுஷர் கைகள். அதை மறந்துவிடாதிருங்கள்.

புதிய ஏற்பாட்டில் கெஹென்னா என்ற சொல் 12 முறை வருகிறது. 11 முறை இயேசுவின் வாயிலிருந்தே வருகிறது. யாரிடம் சொன்னார்? ஆயக்காரரிடம் அல்ல. அவர் காலடியில் அழுத பாவியான ஸ்திரீயிடமும் அல்ல. தம் சொந்தச் சீஷர்களிடம் சொன்னார். வேதபாரகரிடமும் பரிசேயரிடமும் சொன்னார். சகோதரனை மூடனே என்று இகழ்கிறவன் எரிநரகத்துக்கு ஏதுவாவான் என்றார். மீதமுள்ள ஓர் இடம் யாக்கோபின் நிருபம். அங்கே நரகத்தின் நெருப்பு பற்றுவது நாவில். வேதம் அறிந்தவர்களுக்கும், ஜெபிக்கிற வாயாலேயே சபிக்கிறவர்களுக்கும் வந்த எச்சரிக்கை இது.

இன்னொன்றையும் கேளுங்கள். 1979இல் அதே பள்ளத்தாக்கை ஒட்டிய மேட்டில், பழைய கல்லறைக் குகை ஒன்றில் இரண்டு சிறிய வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. சுமார் 2,600 ஆண்டுகள் பழமையானவை. அவற்றில் பொறித்திருந்தது, எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில் ஆசாரியர் ஜனங்களுக்குக் கூறும் ஆசீர்வாதம். வேத வசனம் எழுதப்பட்டு இன்று நம் கையில் இருப்பவற்றில் இதுவே மிகப் பழையது. பிள்ளைகளின் ஓலம் கேட்ட பள்ளத்தாக்கின் ஓரத்திலும் கர்த்தருடைய ஆசீர்வாதத்தைப் பற்றிக்கொண்டு உறங்கப் போனவர்கள் இருந்தார்கள்.

ஆகையால் பிரியமானவர்களே, இன்னொருவரைப் பார்த்து, நீ நரகத்துக்குப் போவாய் என்று சொல்லாதிருங்கள். பக்தியின் பெயரால் நம் வீட்டுப் பிள்ளைகளைச் சுட்டெரிக்கும் சொல் ஏதும் உண்டானால், அதை இன்றே விட்டுவிடுங்கள். இன்று இரவு அவர்கள் தலையில் கைவைத்து ஆசீர்வதியுங்கள். ஆமென்.