முளைக்காத விதை

ஒரு குழந்தையின் கண்ணீரைத் துடைப்பதற்காகச் சொல்லப்படும் பொய், பொய்யாகுமா? இவ்வினாவை நூல்களில் காணும்போது நாம் எளிதாக விடை கூறிவிடுகிறோம். அது நம் வீட்டு வாயிலில் வந்து நிற்கும்போதுதான் அதன் கடுமை புலப்படுகிறது. சென்ற நவராத்திரியின்போது எங்கள் வீட்டு மாடத்தில் இருந்த ஒரு மண்தொட்டி இந்த வினாவை எழுப்பியது. அன்றுமுதல் எங்களுக்கு அமைதியில்லை. தமிழ்ச் சங்கத்து நண்பர்கள் பலரும் நம்மைப் போலவே பிள்ளைகளை வளர்ப்பவர்கள் ஆதலின், அதனை இங்கே அவர்கள்முன் வைக்கிறோம்.

எங்கள் மகள் இரண்டாம் வகுப்பில் பயில்கிறாள். தலைநகரில் உள்ள அவளுடைய பள்ளியில் வகுப்பறைக்குப் பின்னால் ஒரு சிறு நிலத்துண்டு உண்டு. செங்கல் துண்டுகளும் உடைந்த நாற்காலிக் கால்களும் கிடந்த அந்த இடத்தை, ஆசிரியை குழந்தைகளைக் கொண்டே துப்புரவு செய்து பாத்திகளாகப் பிரித்தார். மழை ஓய்ந்து குளிர் தொடங்குவதற்கு முற்பட்ட நாட்கள், வடபுலத்தில் கீரையும் கிழங்கும் விதைக்க ஏற்றவை. வெந்தயம், கொத்தமல்லி, முள்ளங்கி ஆகியவற்றை வகுப்பார் அனைவரும் பொதுவாக விதைத்தனர். எத்தனை முளைத்தன என்று எண்ணுவது கணக்குப் பாடம் ஆயிற்று; இலையை வரைவது ஓவியப் பாடம் ஆயிற்று; அளவுகோலை வைத்துத் தண்டின் உயரத்தைக் குறிப்பது அறிவியற் பாடம் ஆயிற்று. பொதுப் பாத்திகளுக்கு அப்பால், ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மண்தொட்டியும் ஒரு ராஜ்மா விதையும் தனியே கொடுக்கப்பட்டன. தசரா விடுமுறையில் அதனை வீட்டில் பேணி, நாள்தோறும் கண்டதைக் கண்டவாறே ஒரு குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும் என்பது ஆசிரியையின் கட்டளை.

மகள் அத்தொட்டியைத் தெய்வம் போலக் கொண்டாடினாள். காலையில் நீர், பள்ளிப் பையை எடுத்து வைத்த பின் நீர், உறங்கப் போகுமுன் நீர். குறிப்பேட்டில் முதல் நாள், ‘இன்று ஒன்றும் இல்லை’ என்று எழுதினாள். இரண்டாம் நாளும் அதுவே. ஐந்தாம் நாள் அடுத்த வீட்டுப் பஞ்சாபிச் சிறுவனின் தொட்டியில் முளை கிளம்பிவிட்டது. அன்றும் இவள் ஏட்டில் அதே மூன்று சொற்கள். எழுதி முடித்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் இரவு, அவள் உறங்கிய பிறகு, நாங்கள் இருவரும் தொட்டியைக் கிளறிப் பார்த்தோம். விதை ஊறிக் குழைந்து, தொட்டால் நசுங்கும் நிலையில் இருந்தது. அதை எடுத்து எறிந்தோம். கொலுச் சுண்டலுக்காக ஊறவைத்து மிஞ்சிய கொண்டைக்கடலை ஒரு துணியில் முடிந்து கிடந்தது. அதில் முளைவிட்டிருந்த ஒன்றை எடுத்து அந்த இடத்தில் புதைத்தோம். பத்தாம் நாள் காலையில் ஒரு பசுங்குருத்து தலைகாட்டியது. வீடே அவள் கூக்குரலால் நிறைந்தது. ‘இன்று என் விதை முளைத்தது’ என்று ஏட்டில் எழுதி, அதன் கீழே ஒரு சூரியனையும் வரைந்தாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்து மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியில் கலப்படம் இருந்ததை அப்போது நாங்கள் உணரவில்லை.

பள்ளி திறந்த அன்று மாலை அவள் அழாமல் வந்தாள், அமைதியாக வந்தாள். “அப்பா, ராஜ்மா விதை போட்டால் கடலைச் செடி முளைக்குமா?” என்று கேட்டாள். ராஜ்மா முளைக்கும்போது விதையின் இரு பருப்புகளும் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே எழும். பின்னர் அகன்ற இலைகள் விரியும். கொண்டைக்கடலையிலோ பருப்புகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட, குருத்து மட்டும் வெளிவரும். இலைகளும் பொடிப்பொடியாக இருக்கும். முப்பது தொட்டிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் வேறாக நின்றால் குழந்தையின் கண்ணுக்குத் தப்புமா? நாங்கள் உண்மையைச் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தவள் கடைசியில் கேட்டது ஒன்றே: “என் விதையை ஏன் எனக்குக் காட்டாமல் எறிந்தீர்கள்?”

விதை முளைக்கவில்லையே என்பது அவள் குறையன்று. தன் விதைக்கு நேர்ந்ததைத் தான் காணவில்லையே என்பதே குறை. இந்த வேறுபாட்டைப் பெற்றோராகிய நாங்கள் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. மேலும் ஒரு செய்தியை அவளே சொன்னாள். வகுப்பில் வேறு நால்வரின் விதைகளும் முளைக்கவில்லையாம். ஆசிரியை அவர்களைக் கடிந்துகொள்ளாமல், அந்த விதைகளைத் தோண்டி எடுத்து ஒரு தாளின்மேல் பரப்பி, எல்லாரையும் சுற்றி நிற்கச் சொன்னாராம். ஒன்று அழுகியிருந்தது, ஒன்றைப் பூச்சி துளைத்திருந்தது, ஒன்று மிக ஆழத்தில் புதைக்கப்பட்டிருந்தது, ஒன்றுக்கு நீரே கிடைக்கவில்லை. அன்றைக்கு அந்த நால்வருமே வகுப்புக்கு ஆசிரியர்கள். எங்கள் மகளின் தொட்டி முளைத்த தொட்டிகளின் வரிசையில் நின்றமையால் அந்த வட்டத்தில் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை.

எங்கள் செயலுக்கு ஆதரவாகச் சொல்லத்தக்கது இல்லாமல் இல்லை. திருக்குறளின் 30ஆம் அதிகாரம் வாய்மையைப் பற்றியது. அங்கே வள்ளுவர், பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்று தொடங்கி, குற்றமற்ற நன்மையைத் தருமாயின் உண்மையல்லாத சொல்லுக்கும் வாய்மையினுள் இடம் தருகிறார். உலகியலை நன்கு அறிந்த அப்பெருந்தகையின் இந்த நெகிழ்ச்சியை நாம் அடிக்கடி துணைக்கு அழைக்கிறோம். ஆனால் அவர் விதித்த நிபந்தனையை மறந்துவிடுகிறோம். வெறும் நன்மை போதாது. குற்றம் நீங்கிய நன்மையாக இருக்க வேண்டும். நாங்கள் செய்தது அந்த உரைகல்லில் தேறுமா?

முதலில், அந்த நன்மை யாருக்கு? மகளின் துயரத்தைக் காண எங்களுக்குப் பொறுக்கவில்லை. ஆகவே அவள் துயரத்தைவிட எங்கள் பொறுமையின்மையையே நாங்கள் தீர்த்துக்கொண்டோம் என்று சொல்வதே நேர்மை. இரண்டாவது, துயரத்தோடு சேர்த்து எதனை அகற்றினோம்? விதை முளைக்க நீர் வேண்டும், வெதுவெதுப்பு வேண்டும், காற்றும் வேண்டும். நீர் மிகுந்தால் மண்ணின் துளைகளில் உள்ள காற்று வெளியேறிவிடும். உள்ளே விதை மூச்சுத் திணறி அழுகும். மகளின் விதையைக் கெடுத்தது அவளுடைய அலட்சியமன்று, அளவு கடந்த அன்பு. அன்புக்கும் அளவு வேண்டும் என்னும் அரிய பாடம் அந்தத் தொட்டிக்குள்ளேயே கிடந்தது. அதைக் கற்றிருக்க வேண்டியவள் அவள் மட்டும்தானா? நாங்களும் அல்லவா அளவுக்கு மீறி நீரூற்றினோம்!

அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருபது ஆண்டுகள் கோப்புகளோடு வாழ்ந்தவர்க்கு மூன்றாவது குற்றம் இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டும். பதிவேட்டில் ஒரு பொய்ப்பதிவு தனியே நிற்பதில்லை. அதனைக் காப்பாற்ற அடுத்த பதிவும், அதனைக் காப்பாற்ற அதற்கடுத்த பதிவும் தேவைப்படும். ‘ஒன்றும் இல்லை’ என்று நாள்தோறும் எழுதிய குழந்தையின் ஏடு, எந்த அலுவலகத்தும் காணக் கிடைக்காத தூய பதிவேடு. அதில் பத்தாம் நாள் அவள் எழுதியது பொய். ஆனால் அவள் பொய் எழுதவில்லை. அவளுடைய நேர்மையான கையைக் கொண்டு எங்கள் பொய்யை நாங்கள் எழுதுவித்தோம். இதைவிடப் பெரிய குற்றம் எது?

“ஏழு வயதுக் குழந்தைக்குத் தோல்வியைக் காட்டுவது கொடுமையன்றோ?” என்று சிலர் கேட்கலாம். எல்லா உண்மைகளையும் எல்லா வயதிலும் சொல்லத்தான் வேண்டும் என்பது எங்கள் கருத்தன்று. காலம் வரும்வரை ஓர் உண்மையைச் சொல்லாதிருப்பது வேறு. அதன் இருக்கையில் இன்னொன்றைக் கொண்டுவந்து அமர்த்துவது வேறு. பிறந்த மண்ணை விட்டு ஆயிரத்தைந்நூறு கல் தொலைவில் வாழும் நமக்கு இந்த இரண்டாவது பழக்கம் மிகுதியாகவே படிந்துவிட்டது. “இங்கே எல்லாரும் நலம்” என்று காய்ச்சலோடு கிடந்தபடியே ஊரில் உள்ள தாய்க்குத் தொலைபேசியில் சொல்கிறோம். அங்கே அவரும் மருத்துவமனையிலிருந்து திரும்பிய செய்தியை மறைத்து, “எனக்கென்ன குறை” என்கிறார். விடுப்பும் பயணச்சீட்டும் கிடைக்காது என்று தெரிந்தே, “வருகிற கோடையில் தாத்தா வீட்டுக்குப் போகலாம்” என்று பிள்ளைகளிடம் கூறுகிறோம். இவை யாவும் அன்பிலிருந்து பிறந்தவையே. எனினும், இத்தனை தொலைவில் உறவைத் தாங்கி நிற்பது சொல் ஒன்றுதான். அச்சொல்லையும் நம்ப இயலாது போனால் நம்மிடையே எஞ்சுவது யாது?

கல்வியில் இவ்வினாவுக்கு விடை கண்டவர்கள் உண்டு. 1910ஆம் ஆண்டு ஜோகன்னஸ்பர்க் நகருக்கு 21 மைல் தொலைவில் காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தபோது, அங்கே வாழ்ந்த பிள்ளைகளில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தனர். அவர்களுக்குத் தாம் அரிதின் முயன்று கற்ற தமிழையே அடிகள் கற்பித்தார். பிள்ளைகள் காலன்பாக் என்னும் நண்பரோடு தோட்டத்தில் பாடுபட்டனர். ஆசிரியர் செய்யாததைப் பிள்ளைகள் செய்யுமாறு கேட்கலாகாது என்பது அங்கே விதி. பொய்யனாக இருந்துகொண்டு மாணவர்க்கு வாய்மை கற்பிக்க முயல்வது வீண் என்று அவர் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். உண்மை பேச வேண்டும் என்று நாமும் நாள்தோறும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஆனால் அவர்கள் உறங்கிய பிறகு தொட்டியைக் கிளறுகிறோம்.

தோல்வியைத் தாங்கும் வகையையும் தோட்டமே காட்டுகிறது. 1837இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறுவர்க்கான நிலையத்தைத் தொடங்கி, 1840இல் அதற்குக் ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பொருள்படப் பெயரிட்ட பிரோபெல், உண்மையான தோட்டம் ஒன்றையும் அங்கே அமைத்தார். ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி; அவற்றைச் சூழ்ந்து எல்லார்க்கும் பொதுவான பாத்திகள். தன் பாத்தி பொய்த்தாலும் பொதுப் பாத்தியின் விளைவில் குழந்தைக்குப் பங்கு உண்டு. எங்கள் மகளின் ஆசிரியை செய்ததும் இதுவே. குழந்தையின் இழப்பை மறைப்பது ஒரு வழி; அதனைப் பலரோடு பகிர்ந்துகொள்ளச் செய்வது மற்றொரு வழி. முன்னதற்கு ஓர் இரவு போதும். பின்னதற்குப் பொறுமை வேண்டும். உடன் அமர்ந்து அழவும் ஒருவர் வேண்டும். கருணை என்னும் பெயர் பின்னதற்கே பொருந்தும் என்பது எங்கள் துணிபு.

அன்றிரவு மகள் குறிப்பேட்டைக் கொண்டுவந்து, பத்தாம் நாளின் பக்கத்தைக் கிழித்துவிடட்டுமா என்று கேட்டாள். கிழிக்க வேண்டாம் என்றோம். பதிவேட்டில் பிழை நேர்ந்தால் அதன்மேல் ஒரே ஒரு கோடு இட வேண்டும். அடியில் எழுதியிருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். திருத்தத்துக்குப் பொறுப்பானவர் கையொப்பம் இட வேண்டும் என்னும் அலுவலக முறையை அவளுக்குச் சொன்னோம். அளவுகோலை வைத்து அவள் ஒரு கோடு இட்டாள். சூரியனை மட்டும் விட்டுவிட்டாள். அதன் கீழே, ‘விதை அழுகிவிட்டது, கடலையை வைத்தவர்கள் நாங்கள்’ என்று எழுதி இருவரும் கையொப்பம் இட்டோம்.

கடலைச் செடியை என்ன செய்வது என்று கேட்டோம். “அது என்ன தப்பு செய்தது?” என்று சொல்லி அதற்கு நீர் ஊற்றினாள், இம்முறை ஒரு சிறு கரண்டி அளவே.